முழுகாமல் இருக்கிறாள்

சில விஷயங்களை நேராகச் சொல்லாமல் சுற்றி வளைத்துச் சொல்வதில் நம்மவர்களுக்கு நிகர் நம்மவர்களேதான். ஒரு வீட்டில் மருமகள் கர்ப்பமாயிருக்கிறாள் என்றால், அந்த வார்த்தை அங்கே கடைசியாகத்தான் வெளிவரும். "முழுகாமல் இருக்கிறாள்" என்பார்கள். "நாள் தள்ளிப் போயிருக்கிறது" என்பார்கள். "வாயும் வயிறுமாய் இருக்கிறாளாம்" என்று சமையலறைப் பக்கத்திலிருந்து தாழ்ந்த குரலில் ஒரு சமாசாரம் புறப்படும். வீட்டுப் புருஷர்கள் ஒன்றும் காதில் விழாதவர்களைப் போலப் பத்திரிகையைப் புரட்டிக் கொண்டிருப்பார்கள்.

ஆனால் இந்த வார்த்தைகளைச் சற்று நிதானித்துப் பார்த்தால், வெட்கத்தோடு கூட வைத்திய ஞானமும் அவற்றில் ஒளிந்திருப்பது தெரியவரும். மாதவிலக்கு முடிந்து தலை முழுக வேண்டிய ஸ்திரீ, அந்த மாதம் முழுகவில்லை. கர்ப்பத்தின் முதல் அடையாளமாக இன்றைய டாக்டர்கள் சொல்வதும் இதுவே. மாதந்தோறும் தேதி தவறாமல் வருகிறவளுக்கு ஒரு வாரம் தள்ளிப் போனால் அது கவனிக்க வேண்டிய விஷயம். எப்போதும் ஒழுங்கில்லாமல் வருகிறவளுக்கு இந்தச் சாட்சியை முழுவதும் நம்ப முடியாது. மனக்கவலை, உடம்பு திடீரென்று இளைப்பது, தைராய்டுக் கோளாறு, சினைப்பையில் நீர்க்கட்டிகள், இவற்றாலும் நாள் தள்ளிப் போவதுண்டு.

மற்ற அடையாளங்களைக் கண்டுபிடிப்பதில் எங்கள் பாட்டி ஒரு துப்பறியும் நிபுணர். காலையில் காப்பி டம்ளரை மூக்கருகே கொண்டு போய்விட்டு அப்படியே கீழே வைக்கும் பெண்ணை அவர் கண் விடாது. தாளிக்கிற வாசனை வந்ததும் கொல்லைப்புறம் ஓடுகிறாளா, மத்தியானத்தில் அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறாளா, ராத்திரி இரண்டு மூன்று தரம் எழுந்து போகிறாளா என்று பார்த்துக் கொண்டேயிருந்து, ஒரு நாள் தாமே தீர்ப்பும் சொல்லி விடுவார். மார்பகம் கனத்து வலிப்பதை மட்டும் அவரால் பார்த்துக் கண்டுபிடிக்க இயலாது. அதைப் பெண் தானே உணர்ந்தால்தான் உண்டு. குமட்டல் பெரும்பாலும் 5, 6 வாரங்களில் தொடங்கி 14, 16 வாரங்களுக்குள் அடங்கிவிடும். காலையில்தான் வரும் என்பதில்லை. எந்த வேளையிலும் வரலாம். சிலருக்கு வராமலே இருந்துவிடும். அவர்களைப் பார்த்து மற்றவர்கள் பொறாமைப்படுவது இயற்கையே.

மசக்கை என்பதற்குப் பழந்தமிழில் வயா என்று பெயர். புறநானூற்றில் ஒரு புலவர், சேர மன்னனுடைய நாட்டு மண்ணை மசக்கை கொண்ட மகளிர் ஆசைப்பட்டு உண்பார்களேயன்றிப் பகைவர்கள் உண்ண மாட்டார்கள் என்கிறார். மன்னனுக்கு அது நல்ல புகழ்ச்சிதான். ஆனால் மண், சாம்பல், பச்சரிசி இவற்றின் மேல் ஓயாத ஆசை எழுந்தால், உடம்பில் இரும்புச் சத்துக் குறைந்திருக்கலாம் என்று இக்காலத்து வைத்தியம் சொல்கிறது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் கர்ப்பிணிக்கு ரத்த சோகை என்று அர்த்தம். மாங்காய்க்கு ஆசைப்பட்டால் வாங்கிக் கொடுங்கள். மண்ணுக்கு ஆசைப்பட்டால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

சந்தேகத்தைத் தீர்த்துக் கொள்வது ஒரு காலத்தில் பெரிய காரியமாயிருந்தது. 1927ல் பெர்லின் நகரில் இரண்டு வைத்தியர்கள் ஸ்திரீயின் சிறுநீரைச் சுண்டெலிகளுக்கு ஊசி மூலம் ஏற்றிச் சோதிக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். பிறகு முயல்கள் வந்தன. அப்புறம் தென்னாப்பிரிக்கத் தவளை வந்தது. ஊசி போட்ட தவளை முட்டையிட்டால் அம்மாள் கர்ப்பவதி! இன்றைக்கு மருந்துக் கடையில் சில பத்து ரூபாய்க்கு ஒரு சிறிய பட்டை கிடைக்கிறது. நாள் தள்ளிய பிறகு, காலையில் எழுந்ததும் முதல் சிறுநீரில் சோதித்தால் நல்லது. இரண்டாவது கோடு மங்கலாயிருந்தாலும் அது கோடுதான். ஒரே கோடு வந்தும் மாதவிலக்கு வரவில்லையென்றால், ஒரு வாரம் பொறுத்து மறுபடி சோதிக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பட்டை கரு உண்டாயிருக்கிறது என்று சொல்லுமே தவிர, எங்கே உண்டாயிருக்கிறது என்று சொல்லாது. கருப்பைக்கு வெளியே குழாயிலேயே கரு தங்கிவிடுவதும் உண்டு. அடிவயிற்றில் ஒரு பக்கமாய்க் கடும் வலி, உதிரப் போக்கு, தலை சுற்றி விழுதல், தோள்பட்டை நுனியில் வலி, இவை தோன்றினால் "வாயு" என்று ஓமத்திரவம் கொடுத்துப் படுக்க வைத்து விடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

இதெல்லாம் தெரிந்தவர்களுக்கும் தெரியாத ஒன்று உண்டு. வாரக் கணக்குத்தான் அது. அதனால் எங்கள் தெருவில் ஒரு குடும்பம் இரண்டுபட இருந்தது.

ஆகஸ்டு 22ந் தேதி அந்த வீட்டில் கல்யாணம். செப்டம்பர் 23ந் தேதி புதுப் பெண்ணை டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். ஸ்கேன் எடுத்து, கர்ப்பம் 6 வாரம் என்று எழுதிக் கொடுத்தார்கள். மாமியார் அம்மாள் விரல் விட்டு எண்ணினார். கல்யாணமாகி ஐந்து வாரம்கூட ஆகவில்லை! மறுபடி எண்ணினார். பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டார். பெண்ணின் தகப்பனாருக்கு டெலிபோன் போயிற்று. மாப்பிள்ளை மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக் கொண்டான். அந்தப் பெண் கூடத்துத் தூணருகே நின்றாள். தான் செய்யாத குற்றம் இன்னதென்று கூட அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

"டீச்சரம்மா, நீங்க படிச்சவங்க. இந்தக் காகிதத்துல என்ன போட்டிருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க" என்று என்னை அழைத்தார்கள்.

நான் காகிதத்தைப் பார்ப்பதற்கு முன் சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றினேன். "கடைசியாக எப்போது தலை முழுகினாய், அம்மா?" என்று பெண்ணைக் கேட்டேன். ஆகஸ்டு 12ந் தேதி விலக்கானதாகச் சொன்னாள். கல்யாண நாளுக்கு இடைஞ்சலில்லாமல் முடிந்ததே என்று அவள் தாயார் சந்தோஷப்பட்டாளாம். டாக்டர்கள் கர்ப்பத்தின் வாரங்களை அந்தக் கடைசி விலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். கரு உண்டான நாள் யாருக்கும் தெரியாது. விலக்கான நாள் தெரியும். அதனால் அப்படி ஓர் ஏற்பாடு. ஆகஸ்டு 12லிருந்து செப்டம்பர் 23 வரை 42 நாள், ஆறு வாரம். கரு உண்டாவதோ சாதாரணமாய் 14ஆம் நாள் வாக்கில். அதாவது கல்யாணத்துக்கு நாலைந்து நாள் கழித்து!

மாமியார் அம்மாள் காலண்டரை வாங்கித் தாமே ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு எண்ணினார். வாய் திறக்கவில்லை. உள்ளே போய் ஒரு மணையைக் கொண்டு வந்து, "நின்னுக்கிட்டே இருக்கியே, உட்காரு" என்று அந்தப் பெண்ணிடம் போட்டார். மன்னிப்பு என்ற வார்த்தையும் நம் வீடுகளில் நேராக வெளிவருவதில்லை.

செம்பருத்திப் பூவின் சூலகத்தைப் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கத் தெரிந்த மாணவிகளை நான் இருபது வருஷமாய் அனுப்பிக் கொண்டிருக்கிறேன். இந்தக் காலண்டர்க் கணக்கையும் இப்போது கரும்பலகையில் போட்டுக் காட்டுகிறேன். ஒரு தகப்பனார் வந்து ஆட்சேபித்தார். அவரையும் உட்கார வைத்துக் கணக்கைக் காட்டினேன்.

மானத்தைக் காப்பதற்கு மட்டும் அந்தக் கணக்கு வேண்டியிருக்கவில்லை. குழந்தையின் மூளைக்கும் முதுகுத் தண்டுக்கும் மூலமான குழாய், கரு உண்டான 28 நாட்களுக்குள் மூடிக் கொள்கிறது. அன்று கூடத்தில் விசாரணை நடந்த நாள் ஏறக்குறைய அந்த 28ஆம் நாள்தான்! அது சரியாக மூடுவதற்கு உதவும் போலிக் ஆஸிட் மாத்திரையை, தினம் 400 மைக்ரோகிராம் வீதம், கர்ப்பத்துக்கு முன்பிருந்தே சாப்பிடச் சொல்வது இதனால்தான். மேல்நாடுகளில் 1957லிருந்து 1961 வரை தாலிடோமைட் என்ற மருந்தைக் குமட்டலுக்கென்று கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைந்தும் வேறு ஊனங்களோடும் பிறந்தன. அந்த மருந்து தீங்கு செய்ததும் இந்த முதல் வாரங்களில்தான். ஆகையால் நாள் தள்ளியிருக்கும் பெண், தலைவலிக்கு மாத்திரை வாங்குவதானாலும் கடைக்காரரிடமோ டாக்டரிடமோ அதைச் சொல்லிவிட்டு வாங்குவது நல்லது. ஏற்கெனவே வலிப்புக்கோ, நீரிழிவுக்கோ மருந்து சாப்பிடுகிறவள், அதைத் தானாக நிறுத்தவும் கூடாது. டாக்டரைக் கேட்க வேண்டும்.

நான் புறப்படும்போது மாமியார் அம்மாள் வாசல் வரை வந்தார்.

"அப்போ குழந்தை எப்போ பிறக்கும், டீச்சரம்மா?"

விலக்கான தேதியோடு ஏழு நாள் கூட்டி, மூன்று மாதம் பின்னால் எண்ணி, அடுத்த வருஷம் மே 19 என்றேன்.

"கத்திரி வெயிலிலயா! அப்போ மாவடுவெல்லாம் பங்குனியிலேயே போட்டு முடிச்சுடணும்" என்று சொல்லிக் கொண்டே அவர் உள்ளே போனார்.