வைத்தியம் படிக்க எந்தக் கலாசாலை?

வைத்தியம் கற்க விரும்பும் இளைஞர்களில் சிலர், பட்டம் பெற்றபின் சொந்த ஊரில் பெயர்ப் பலகை மாட்டிக்கொண்டு அமர்ந்துவிடாமல், எந்தத் தேசத்தில் ஏழைகள் பிணியால் வருந்தினாலும் அங்கே சென்று பயன்பட வேண்டும் என்னும் ஆவலோடு, அதற்கு வழி காட்டும் கலாசாலை எது என்று விசாரிக்கிறார்கள். என் தமக்கையின் மகளும் அவ்வாறு கேட்கிறாள். உயர்ந்த ஆவல் அது. ஆயினும், ஒரு கலாசாலை தன் மாணவரை எத்தனை தேசங்களுக்கு அனுப்புகிறது என்ற கணக்கைக் கொண்டே அதைத் தேர்ந்தெடுப்பது போதாது என்பது என் அபிப்பிராயம்.

1898-இல் லிவர்பூலிலும் 1899-இல் லண்டனிலும் உஷ்ணப் பிரதேச நோய்களுக்கென்றே கலாசாலைகள் தோன்றின. கடல் கடந்து சென்ற வர்த்தகர்களும் அரசாங்க உத்தியோகஸ்தர்களும் அங்குள்ள காய்ச்சல்களுக்கு இரையாகாமல் காப்பது அவற்றின் ஆரம்ப நோக்கங்களுள் முக்கியமானது. சிகந்தராபாத்தில் 1897-இல் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்டு ராஸ் லிவர்பூலில் ஆசிரியராக அமர்ந்தார். அவருடைய கண்டுபிடிப்பால் உலகமே நன்மை அடைந்ததை யாரும் மறுக்க முடியாது. என்றாலும், யாருடைய நலத்துக்காக இந்த ஏற்பாடு என்ற கேள்வியை, ஏழை தேசத்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு வாரம் வந்து பார்த்துவிட்டுத் திரும்பும் இன்றைய மாணவர் பிரயாணங்களைப் பற்றியும் கேட்கத்தான் வேண்டும். பாஷை தெரியாத விருந்தினருக்கு வார்டைச் சுற்றிக் காட்டுவதில் அங்குள்ள நர்ஸின் பொழுது கழிகிறதே, அதற்கு ஈடாக அந்த ஆஸ்பத்திரி பெறுவது என்ன?

இதை எண்ணும்போது என் மனம் வேலூரையே நாடுகிறது. ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர், ஆண் வைத்தியரை அண்டவிடாத வீடுகளில் பெண்கள் பிரசவ வேதனையிலேயே மாண்டுபோவதைக் கண்டு மனம் நொந்து, அமெரிக்கா சென்று கார்னெல் கலாசாலையில் 1899-இல் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே வேலூருக்குத் திரும்பினார். குடியாத்தம் சாலையோரக் கிராமங்களுக்குத் தாமே சென்று மரத்தடியில் மருந்து கொடுத்தார். தாம் ஒருவர் போதாது என்று உணர்ந்து, 1918-இல் பெண்களுக்கென்று ஒரு வைத்தியப் பள்ளியைத் தொடங்கினார். பிற்காலத்தில் ஆண்களும் சேர்ந்து பயிலும் பெரிய கலாசாலையாக அது வளர்ந்த பிறகும், முதலாண்டு மாணவர்களைக் கிராமத்தில் தங்கவைத்து, அங்குள்ள குடும்பங்களின் வாழ்க்கையை நேரில் அறியச் செய்யும் வழக்கம் அதன் கல்வியில் இடம்பெற்றது.

அந்த மண்ணில் பிறந்த அறிவு எவ்வளவு தூரம் சென்றது! கொல்லிமலையில் வளர்ந்த பால் பிராண்ட் 1946-இல் வேலூருக்கு வந்து, அக்காலத்தில் எல்லோரும் அஞ்சி ஒதுக்கிய தொழுநோயாளரின் கைகளை ஆராய்ந்தார். வலி உணர்ச்சி அற்றுப்போவதால் நோயாளி அறியாமலே நேரும் காயங்கள்தான் விரல்களை அழிக்கின்றன என்பதைத் தெளிவுபடுத்தி, மடங்கிப்போன விரல்களுக்கு நல்ல தசைநாணை மாற்றி இணைத்து இயக்கம் தந்தார். பின்னர் அமெரிக்காவின் கார்வில் ஆஸ்பத்திரிக்கு அவர் சென்றபோது, நீரிழிவால் உணர்ச்சி இழந்த பாதங்களைக் காப்பதற்கும் அதே அறிவு உதவியது. செல்வ நாடு கொடுக்க, ஏழை நாடு வாங்கிக்கொள்வதுதான் உலக சுகாதாரம் என்று நினைப்போர் இந்த வரலாற்றை அவசியம் அறிய வேண்டும்.

வேலூரில் பயின்ற ரஜனிகாந்த், மேபெல் ஆரோலே தம்பதியர், அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பொதுச் சுகாதாரமும் கற்றபின், 1970-இல் மராட்டிய மாநிலத்தின் வறண்ட ஜாம்கேட் பகுதிக்குச் சென்று, எழுதப் படிக்கத் தெரியாத கிராமப் பெண்களைச் சுகாதார ஊழியர்களாகப் பயிற்றுவித்தார்கள். வெளிநாட்டு வைத்தியர்களும் மாணவர்களும் இன்று அங்கே பாடம் கேட்க வருகிறார்கள்.

ஆகையால் என் தமக்கை மகளிடம் நான் சொல்லியிருப்பது இதுதான்: எந்தக் கலாசாலைக்கு மனுப் போட்டாலும், அங்கே மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு படிக்கும் மாணவர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் போய்வந்த ஊர் எது, அங்கே யாருடைய அழைப்பின் பேரில் போனார்கள், அவர்கள் திரும்பியபின் அந்த வேலையை நடத்துகிறவர் யார், அந்த ஊரிலிருந்து வைத்தியரோ நர்ஸோ யாரேனும் இந்தக் கலாசாலைக்கு வந்து கற்றதுண்டா என்று கேள், பதில் சொல்ல அவர்கள் திணறினால், அடுத்த கலாசாலையை விசாரி.