சீவாளி கட்டும் ஊர்

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் சாலையில் ஆடுதுறையைத் தாண்டினால் நரசிங்கம்பேட்டை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் திருவாவடுதுறை. முதல் ஊரில் நாகசுரம் கடைகிறார்கள். இரண்டாவது ஊரில் அதற்குச் சீவாளி கட்டுகிறார்கள். நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஆச்சா மரத்தைப் பற்றி நிறையப் பேச்சு வந்தது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்தரமும் தூணும் எப்படி வாத்தியமாகின்றன என்பது பலருக்கும் அப்போதுதான் தெரிந்தது. அந்தப் புகழ் ஆசாரிகளுக்கு நியாயமாகச் சேர வேண்டியதே. ஆனால் எத்தனை நல்ல மரமாக இருந்தாலும் அதில் நேரே வாய் வைத்து ஊதினால் வெறும் காற்றுதான் வரும். நாதம் பிறப்பது உதட்டுக்கு நடுவில் இருக்கும் அந்தச் சின்னப் புல் துண்டில். அதைச் செய்கிறவரைப் பார்க்கத்தான் போயிருந்தேன். எனக்குத் தெரிந்த நாயனக்காரர் ஒருவர் வைகாசி முகூர்த்தங்களுக்காகச் சீவாளி வாங்கப் புறப்பட்டார். அவரோடு நானும் சேர்ந்துகொண்டேன்.

வீட்டுத் திண்ணைதான் பட்டறை. பாய், இரண்டு மூன்று கத்திகள், நூல்கண்டு, தண்ணீர்க் கிண்ணம், பழைய பிஸ்கட் டப்பா நிறையக் கெண்டைகள். சுவரோரம் கட்டுக் கட்டாகக் கொறுக்கந்தட்டை. காவிரி, கொள்ளிடக் கரைகளில் வளரும் நாணல் வகை அது. உள்ளே கூடாக, மூங்கிலைப் போலக் கணு விட்டிருக்கும். நாயனக்காரர் ஒரு கட்டை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"இது போன வருஷத்துதானே?"

"அதுக்கும் முந்தினதுண்ணே. பச்சையில கட்டினா ரெண்டு கச்சேரிக்கு நல்லாத்தான் பேசும். அப்புறம் வாய் மூடிக்கும், ஒண்ணும் பண்ண முடியாது."

வெட்டிவந்த தட்டையை முதலில் நன்றாகக் காயவிட்டுக் காத்திருக்க வேண்டும். பிறகு கணுவுக்குக் கணு நறுக்கி, நெல் அவிக்கும்போது அதோடு சேர்த்து அவிக்கிறார்கள். நெல்லோடு வெந்த தட்டைக்கு ஒரு பதம் வருகிறது. அழுத்தினால் பிளக்காமல் படிகிறது. வீட்டில் நெல் அவிக்கிற வழக்கமே போய்விட்டதால், இதற்காக ஆலைக்கோ தெரிந்த விவசாயி வீட்டுக்கோ சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது என்றார் அவர். இந்த ஊரில் இந்தத் தொழில் வேர்பிடித்ததற்கு ஆற்றங்கரையும் நெல்லும் நாயனக்காரர்களும் ஒரே இடத்தில் இருந்ததுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேலை தடுமாறும்.

அவர் கட்டுவதை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். வெந்து காய்ந்த துண்டு ஒன்றைக் கிண்ணத்தில் நனைத்தார். ஒரு முனையை ஊசிபோன்ற கம்பியில் செருகி, அந்த முனை உருண்டையாகவே நிற்கும்படி விட்டு, மறு முனையைப் பெருவிரலால் அழுத்தி அழுத்தித் தட்டையாக்கினார். இப்போது அது விசிறியாக விரிந்து, மேல் ஏடும் கீழ் ஏடும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நின்றது. நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்து இழுத்துக்கொண்டு துண்டின் இடுப்பில் சுற்றினார். சுற்று நெருக்கமாக விழ வேண்டும். ஒரு சுற்று தளர்ந்தாலும் காற்று கசியும். அதிகம் இறுகினால் ஏடு துடிக்காது. பிறகு கத்தி. ஏட்டின் முதுகில் அவர் சீவியது கண்ணுக்கே தெரியவில்லை, பாயில் விழுந்த தூளைப் பார்த்துத்தான் சீவியிருக்கிறார் என்று தெரிந்தது. இரண்டு மூன்று இழுப்பு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு பார்வை, மறுபடி ஓர் இழுப்பு. வெளிச்சம் இரண்டு பக்கமும் ஒரே அளவாக ஊடுருவுகிறதா என்று பார்க்கிறாராம். ஒரு பக்கம் கனத்துவிட்டால் மேல் ஸ்தாயியில் பிசிறடிக்கும்.

கட்டி முடித்ததைக் கெண்டையில் ஏற்றி, வாத்தியத்தில் பொருத்தாமலேயே வாயில் வைத்து ஊதினார். கீச்சென்று ஒரு சத்தம். தலையை ஆட்டி, "கத்துது, பேசலை" என்று மறுபடி கத்தியை எடுத்தார். இத்தனைக்கும் அவருக்கு ஒரு கீர்த்தனைகூட வாசிக்கத் தெரியாது. அந்தக் காது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அப்பாவிடமிருந்து என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்து, "வாங்க வர்ற அண்ணன்மாருங்ககிட்டேர்ந்துதான். அவங்க ஊதிப் பார்த்து முகம் சுளிக்கிறதப் பார்த்துப் பார்த்தே காது வந்துடுச்சு" என்றார்.

கெண்டை என்பது மேலே குறுகிக் கீழே அகன்ற சின்ன உலோகக் குழல். சீவாளி அதன் மேல்முனையில் உட்காரும். கீழ்முனை நாகசுரத்தின் வாயில் இறங்கும். அது இறுக்கமாக நிற்கக் கெண்டையைச் சுற்றியும் நூல் உண்டு. சுருதி சேர்ப்பதற்கான முதல் வழி இங்கேதான் இருக்கிறது. கெண்டையை உள்ளே தள்ளினால் குழலின் மொத்த நீளம் குறைந்து சுருதி ஏறும். வெளியே இழுத்தால் இறங்கும். ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. மேல் துளைகள் சீவாளிக்குப் பக்கத்தில் இருப்பதால் இந்த மாற்றம் அவற்றைத்தான் அதிகம் பாதிக்கிறது. ஆதார சட்ஜத்தைச் சரிசெய்யப் போய் மேலே உள்ள சுரங்கள் விலகிவிடும். அதனால்தான் விவரமானவர்கள் கெண்டையை மயிரிழை நகர்த்திவிட்டு மீதியைச் சீவாளியிலும், கீழ்த்துளைகளில் வைக்கும் மெழுகிலும் சரிசெய்துகொள்கிறார்கள்.

அந்தக் காலத்துத் திமிரி நாகசுரம் குட்டையானது, சுருதி கூடியது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை காலத்தில்தான் நீளமான பாரி நாயனம் மேடையைப் பிடித்தது. அவருக்கு அதைச் செய்து கொடுத்த நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியின் பெயரை இசை உலகம் மறக்கவில்லை. குழல் நீண்டு சுருதி இறங்கியபோது சீவாளியும் அதற்கேற்ப மாறியிருக்கத்தான் வேண்டும். பழைய சீவாளி புதிய குழலில் பேசியிருக்காது. அதைக் கட்டிக் கொடுத்த கைகளைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. இது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது. கச்சேரி அழைப்பிதழில் தவில்காரர் பெயரும் தாளக்காரர் பெயரும் வருகின்றன. வாத்தியம் செய்தவர் பெயரும் சீவாளி கட்டியவர் பெயரும் ஒரு வரியில் வந்தால் என்ன குறைந்துவிடும்?

பராமரிப்பைப் பற்றி இருவரும் பேசியதில் பாதி எனக்குப் புதிது. வாசிப்பதற்கு முன் சீவாளியை நனைத்துப் பதப்படுத்த வேண்டும்.  வாய் மூடிக்கொண்டால் ஊசியை உள்ளே விட்டு மெல்ல விரிக்க வேண்டும். நாகசுரத்தின் தலையில் கொத்தாகத் தொங்கும் சீவாளிகளோடு ஓர் ஊசியும் தொங்குவதை எல்லாரும் பார்த்திருப்போம். அலங்காரம் என்று நினைத்திருப்போம். அவை எல்லாமே வேலைக்கானவை. ஒன்று மல்லாரிக்கு, ஒன்று நீண்ட ஆலாபனைக்கு. சித்திரை வெயிலில் ஒன்று இறுகிவிட்டால் இன்னொன்றை மாற்றிக்கொள்ளலாம். மார்கழிப் பனியில் அதே சீவாளி தொளதொளத்துப் போகும். வாசித்து முடித்ததும் ஈரத்தைத் துணியால் ஒற்றி, காற்றாட நிழலில் காயவைத்த பிறகே பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும். வெற்றிலை போடுகிறவர்கள் வாயைக் கொப்பளித்துவிட்டு ஊத வேண்டும் என்று சீவாளிக்காரர் சொன்னபோது நாயனக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு அவர் ஒவ்வொன்றாக வாத்தியத்தில் பொருத்தி ஊதினார். முதல் சீவாளியில் கார்வை நன்றாக நின்றது, ஆனால் துத்துகாரம் போட்டபோது நாக்குக்குப் பின்னால் ஒலி தயங்கியது. "கொஞ்சம் கனமா இருக்கு" என்றார். சீவாளிக்காரர் வாங்கி இரண்டு இழுப்பு இழுத்துத் திருப்பிக் கொடுத்தார். இப்போது தோடியில் காந்தாரத்தை அசைத்தபோது, சுரம் உதட்டின் அழுத்தத்துக்கு வளைந்து கொடுத்தது. வாத்தியம் அதேதான், வாசித்தவரும் அவரேதான். பாயில் விழுந்த ஒரு சிட்டிகைத் தூள்தான் வித்தியாசம். அடுத்தவருக்கு இதே சீவாளி ஒத்துவராமலும் போகலாம். அவருடைய மூச்சின் பலம், உதட்டின் கனம், முன்பல் இருக்கிறதா என்பதுவரை கணக்குண்டு. நாகசுரம் சொல்லிக்கொடுக்கும் பள்ளிகளில் சீவாளி சீவுவதையும் ஒரு பாடமாக வைத்தால், இளைஞர்கள் தங்கள் நாதத்தைத் தாங்களே திருத்திக்கொள்ளக் கற்பார்கள்.

சீவாளிக்காரரின் மகனுக்குக் கும்பகோணத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து நூல் சுற்றிக் கொடுக்கிறான், கத்தி இன்னும் கைக்கு வரவில்லை என்றார். கொறுக்கை வெட்டிவர ஆள் கிடைப்பது அதைவிடப் பெரிய கவலை. எங்கே வெட்டலாம், எதை விட வேண்டும், எந்தத் தட்டை முற்றியது என்று தெரிந்த கிழவர்கள் குறைந்துவிட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் கரையோரம் நிற்பதையெல்லாம் அறுத்துக் கட்டிக் கொண்டுவந்து போடுகிறார்களாம். அதில் பாதி அடுப்புக்குத்தான் போகிறது.

தனக்கானதைப் பொறுக்கி முடித்த நாயனக்காரர், தன்னிடம் படிக்கும் பையனுக்கும் இரண்டு சீவாளி கட்டித்தரச் சொன்னார்.

"அவன் வந்திருக்கானா?"

"இல்லப்பா, ஊர்ல இருக்கான். மெலிசா ரெண்டு கட்டிக் கொடுத்துடேன்."

"அவன் ஊதறதப் பார்க்காம நான் எப்படிண்ணே கட்டுறது? கூட்டிட்டு வாங்க."

நாயனக்காரர் அங்கேயே திண்ணையில் நின்றபடி பையனுக்குப் போன் போட்டு, வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கே வாத்தியத்தோடு கிளம்பி வரச் சொன்னார்.