கழற்றியதும் மாட்டியதும்

அரவைக் காலத்தில் மூங்கில்துறைப்பட்டில் யாரும் அவசரப்பட முடியாது. சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு வால் பிடித்து நிற்கும். அப்படி மாட்டிக்கொண்ட ஒரு மத்தியானம் நான் ஒதுங்கிய நிழல்தான் அந்த மெக்கானிக் ஷாப். பெயர்ப் பலகை கிடையாது. ஒரு புங்க மரம், தகரக் கூரை, கால் ஆடும் பெஞ்சு. அதன்பிறகு வேலை இல்லாமலும் போய் உட்கார ஆரம்பித்தேன். எதற்கு வந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. மெக்கானிக் ஷாப் பெஞ்சில் உட்காரக் காரணம் கேட்கிற கெட்ட வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் வரவில்லை.

அந்த யெஸ்டி பைக் வந்தது 2025 தை மாதம். வந்தது என்றால் தானாக வரவில்லை, குட்டி யானையில் போட்டுக் கொண்டுவந்து இறக்கினார்கள். முந்தைய டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையின்போது, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் தண்ணீர் வந்ததே, அப்போது தென்பெண்ணை புகுந்த ஆற்றோரக் கொட்டகை ஒன்றில் இது நின்றிருக்கிறது. டேங்க் மூடி வரைக்கும் வண்டல் காய்ந்து வெடித்திருந்தது. வண்டியைப் பார்த்தால் தோண்டியெடுத்த மாதிரிதான் இருந்தது.

ரோடுகிங். மைசூர் ஐடியல் ஜாவா கம்பெனியின் சரக்கு. 1961-ல் ஜாவா வண்டியில் தொடங்கி, பிறகு யெஸ்டி என்று பெயர் மாற்றி ஓட்டி, 1996-ல் கதவைச் சாத்திவிட்ட கம்பெனி. பெயரில் ரோடு இருக்கிறதே தவிர, இந்த வண்டிக்கும் ரோட்டுக்கும் பேச்சுவார்த்தை அற்றுப்போய் நாற்பது வருடம் ஆகிவிட்டதாம். அப்போது வைத்திருந்தவர் இப்போதைய சொந்தக்காரனின் பெரியப்பா. அவருக்கு எண்பதுகளில் மண் பந்தயப் பைத்தியம். எடை குறைய வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கழற்றியிருக்கிறார். ஹெட்லைட் டூம் இல்லை. ஹாரன் இல்லை. கண்ணாடி, பின்விளக்கு, நம்பர் பிளேட், செயின் பெட்டி எதுவும் இல்லை. இரண்டு சைலன்சரும் பாதியில் அறுக்கப்பட்டிருந்தன.

பந்தயக்காரர்கள் எல்லா ஊரிலும் இதைத்தான் செய்தார்கள். மேடுபள்ளத்துக்கென்றே தனியாக வண்டி செய்து விற்பது பெருகியதெல்லாம் பின்னால்தான். அதுவரை ரோட்டு வண்டிதான் மண்ணுக்கும். 1948-ல் இத்தாலியில் நடந்த சர்வதேச ஆறு நாள் சோதனை ஓட்டத்தில் ராயல் என்ஃபீல்டு புல்லட் ஓட்டிய இருவர் தங்கம் வாங்கினார்கள். அதே புல்லட்தான் 1955 முதல் சென்னையில் உருவாகி, ராணுவம், போலீஸ், பண்ணையார் என்று எல்லாருக்கும் கௌரவ வாகனம் ஆயிற்று.

வண்டியின் இப்போதைய சொந்தக்காரன் பெங்களூரில் வேலை பார்க்கும் பையன். போனை நீட்டினான். 2022 ஜனவரியில் யெஸ்டி மறுபடி சந்தைக்கு வந்தபோது ஸ்க்ராம்ப்ளர் என்று ஒரு மாடல் விட்டார்கள், அதன் படம்.

“அண்ணா, எனக்கு இந்த லுக் வேணும். இதுலயே வெள்ளிமலை ஏறணும்.”

மெக்கானிக் படத்தைப் பெரிதாக்கி, சின்னதாக்கி, ரொம்ப நேரம் பார்த்தார். திருப்பிக் கொடுத்தபோது கண்ணாடியில் கிரீஸ் ரேகை ஒன்று பதிந்திருந்தது.

“இத உங்க பெரியப்பா அப்பவே பண்ணிட்டாரு தம்பி. இப்ப ரோட்டுக்கு வரணும்னா கழட்டக் கூடாது. மாட்டணும்.”

மறுவாரம் இன்ஜின் கீழே இறங்கியது. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் அறையும் மூச்சு வாங்கும் இடம்தான். பெட்ரோலும் ஆயிலும் கலந்த காற்று அதன் வழியாகத்தான் மேலே போகும். அங்கே ஒரு துளி மண் இருந்தாலும் பேரிங்கைத் தின்றுவிடும். அறுத்த சைலன்சர் வாய் வழியாக ஆறு நேராக உள்ளே போயிருந்தது. சிலிண்டரைக் கழற்ற இரண்டு நாள் டீசல் ஊற்றி ஊறவைத்தார். மூன்றாம் நாள் மரக்கட்டையை வைத்துத் தட்டினார். சுத்தி ஓங்கவில்லை, தட்டினார். டொக் என்று ஒரு சத்தம். எடுபிடிப் பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான், ஏதோ நானும் சேர்ந்து தட்டியதுபோல.

கிராங்க்கைப் பிரித்து புதுப் பின் அடிக்கவும், சிலிண்டரை போர் அடிக்கவும் இரண்டும் திருவண்ணாமலை லேத்துக்குப் போயின. டூமும் குறுக்குக் கம்பி வைத்த ஹேண்டில்பாரும் சென்னை புதுப்பேட்டையிலிருந்து பஸ் பார்சலில் வந்தன. பார்சலைப் பிரிப்பதற்கு மட்டும் எப்படியோ நாலைந்து பேர் கூடிவிடுகிறார்கள்.

பாயிண்ட் வைத்ததை நான் கிட்டே இருந்து பார்த்தேன். வலது பக்க மூடிக்குள் சின்னதாக இரண்டு உலோக உதடுகள். அவை விரியும் நொடியில்தான் பிளக்கில் நெருப்பு. பிஸ்டன் உச்சிக்கு வர மூன்று மில்லிமீட்டர் சொச்சம் பாக்கி இருக்கும்போது அது நடக்க வேண்டும். மெக்கானிக் பாக்கெட்டிலிருந்து ஒரு சிகரெட் பெட்டியின் மெல்லிய தாளைக் கிழித்து அந்த உதடுகளுக்கு நடுவே செருகினார். ஒரு கையால் இன்ஜினை மெதுவாகச் சுற்றிக்கொண்டே மறு கையால் தாளை லேசாக இழுத்தபடி இருந்தார். பிடி, பிடி, பிடி... தாள் நழுவியது. அங்கேயே நிறுத்தி ஸ்க்ரூவை முறுக்கினார். டீ ஆறிப்போனதை அப்புறம்தான் கவனித்தார்.

சைலன்சரில்தான் சண்டை. பெங்களூர்ப் பையனுக்கு அந்த அறுத்த சத்தம் வேண்டும்.

“டூ ஸ்ட்ரோக்குக்கு சைலன்சர்தான் தம்பி பாதி இன்ஜின். வெளிய ஓடப் பாக்கற பெட்ரோல அதுதான் திருப்பி உள்ள தள்ளுது. அறுத்தா சத்தம் வரும், இழுவை போயிடும். மலையில ரெண்டாவது கியர்ல அழுவ.”

பையன் இணையத்தில் கேட்டுப் பார்த்திருப்பான்போல, அடுத்த ஞாயிறு ஒப்புக்கொண்டான். பதிலுக்கு, முன்பக்க மட்கார்டு தூக்கியே இருக்கட்டும், டயர் பட்டன் வைத்ததாக இருக்கட்டும் என்று இரண்டு வரம் வாங்கிக்கொண்டான். மெக்கானிக் முனகினார், ஆனாலும் போட்டார்.

அவர் பயப்பட்டது பிரேக் இன்ஸ்பெக்டருக்கு. பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு வண்டியை நேரில் காட்ட வேண்டும். கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. மெக்கானிக்குக் கோர்ட்டு சமாச்சாரம் தெரியுமோ என்னவோ, சாரம் தெரிந்திருந்தது.

“அவரு புக்கப் பாப்பாரு, வண்டியப் பாப்பாரு. ரெண்டும் அண்ணந்தம்பி மாதிரி இருக்கணும்.”

வண்டியின் கழுத்தில் சேஸ் நம்பர் துருவுக்கடியில் புதைந்து கிடந்தது. எமரித் தாளைத் தண்ணீரில் நனைத்து, குழந்தையின் காதைத் துடைக்கிற பதத்தில் தேய்த்தார். பிறகு வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்து உரசினார். எண்கள் ஒவ்வொன்றாக ஏறி வந்தன. ஆர்.சி. புக் வெள்ளத்தில் போகவில்லை, வீட்டுப் பரணில் பத்திரமாக இருந்தது. அதை எடுத்து வரச் சொல்லி ஒப்பிட்டார். கடைசி இலக்கம் பொருந்தியதும் பீடி பற்றவைத்தார்.

அதற்குப் பிறகு மாட்டுவது மளமளவென்று நடந்தது. டூம், பின்விளக்கு, கண்ணாடி, செயின் பெட்டி, ஹாரன். பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று உறைத்தது. பெரியப்பா கழற்றிப் போட்டதில் ஓட்டுகிறவனுக்கென்று இருந்தவை கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் எதிரே வருகிறவனுக்கும் பின்னால் வருகிறவனுக்கும் சொந்தமானவை. பந்தயத் திடலில் அவர்கள் கணக்கில் வருவதில்லை.

பங்குனிக் கடைசியில், விளக்கு வைக்கும் நேரத்தில் பெட்ரோல் ஊற்றினார்கள். லிட்டருக்கு 40 மில்லி ஆயில், குலுக்கி. யெஸ்டியில் கியர் லீவரும் கிக்கரும் ஒன்றேதான். உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர், உதைத்துவிட்டுக் கீழே விட்டால் கியர். பெங்களூர்ப் பையன் நாலு தடவை கியரைப் போட்டுவிட்டு விழித்தான். எடுபிடிப் பையன் குனிந்து லீவரைத் திருப்பிக் கொடுத்தான்.

ஆறாவது உதையில் பிடித்தது. வெள்ளைப் புகை புங்க மரத்தை மூடியது. ரோட்டில் கரும்பு டிராக்டர்காரர் இருக்கையில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார். மெக்கானிக் காதைச் சாய்த்து, ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருப்பினார். டுப், டுப், டுப் என்று சத்தம் ஒரு நிதானத்துக்கு வந்தது. ஆக்சிலேட்டர் ஏற ஏற டூமின் மஞ்சள் வெளிச்சமும் எதிர்ச்சுவரில் ஏறி இறங்கியது. சேஸ் முழுக்க நடுங்கியது.

அப்போதுதான் சீட்டுக்கு அடியில், சட்டக் குழாயின் ஏதோ ஒரு துளையிலிருந்து மெல்லிய கோடாக மணல் கொட்ட ஆரம்பித்தது. மூன்று தடவை தண்ணீர் பாய்ச்சிக் கழுவிய சேஸ்தான். தரையில் ஒரு கைப்பிடி அளவு சேரும்வரை யாரும் பேசவில்லை.

“இன்னும் இருக்குதுண்ணா,” என்று சொல்லிவிட்டு எடுபிடிப் பையன் விளக்குமாறு எடுக்கப் போனான்.