நாம் கொடுத்த சந்தோசம்

இலங்கையிலே கந்தோர்ப் படி ஏறியிறங்கிய எவருக்கும் 'சந்தோசம்' என்னும் சொல்லின் இரண்டாவது பொருளை விளக்க வேண்டியதில்லை. காரியம் முடிந்தபின் மேசையோரத்தில் நின்று தலையைச் சொறியும் சிற்றூழியர் எதிர்பார்ப்பதும் அதுவே. காரியம் முடிவதற்கு முன்னரே கேட்கப்படுவதும் அதுவே. இச்சொல்லுக்கு நைஜீரியாவில் 'டாஷ்' என்று பெயர் என்பதை நாம் 1981ஆம் ஆண்டின் இறுதியில், கானோ விமான நிலையத்திலே கற்றுக்கொண்டோம்.

எண்ணெய் வருமானம் பெருகியிருந்த அக்காலத்தில், நைஜீரிய மாநில அரசுகள் பாடசாலைகளைப் பெருந்தொகையாகத் திறந்து, இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆசிரியர்களை ஒப்பந்தத்தில் அழைத்தன. கணிதம் கற்பிக்க நாமும் போனோம். சுங்க உத்தியோகத்தர் எமது பெட்டியைத் திறந்தார். மிளகாய்த்தூளை முகர்ந்து மூன்று தும்மல் தும்மினார். புழுக்கொடியலை எடுத்து, இது மருந்தா விறகா என்று வினவினார். ஈற்றில், "எனக்கென்று என்ன கொண்டுவந்தீர்?" என்றார், புன்முறுவலோடு. நாம் விளங்காதவர் போல நின்று, ஒரு பனங்கட்டிக் குட்டானை எடுத்து நீட்டினோம். அவ்விடத்திலேயே ஓலையைப் பிரித்துக் கடித்துப் பார்த்தவர், பெட்டியைத் தம் கையாலேயே மூடித் தந்தார். காசு கொடாமல் தப்பிவிட்டோம் என்ற பெருமையோடு வெளியே வந்தோம். பனங்கட்டியைக் கணக்கிற் சேர்ப்பதா என்னும் ஐயம் அன்று எமக்கு எழவில்லை.

சந்தையிலே தக்காளி விற்கும் பெண், குவியலின் மேல் இரண்டொன்று கூடுதலாக வைத்தால் அது டாஷ். விருந்தாளி பிள்ளையின் கையில் வைக்கும் நாணயமும் டாஷ். பொலிஸ்காரர் கேட்பதும் டாஷ். வடபகுதி ஹவுசா மக்களிடம் பெரியவரைக் காண வெறுங்கையோடு போகலாகாது என்னும் பழைய வழக்கம் உண்டு. அவ்வாறு கொண்டுபோகும் பொருளுக்குக் 'கைசுவா' என்று பெயர். வணக்கம் என்பதே அச்சொல்லின் பொருள். நாம் வெற்றிலை பாக்கு வைப்பது போல அவர்கள் 'கோரோ' எனப்படும் கோலாக்கொட்டையை வைப்பார்கள். கந்தோரிலே கை நீட்டுபவர் கேட்பதும் 'கோரோக் காசு' தான். வெற்றிலைத் தட்டில் எந்த இடத்தில் மரியாதை முடிந்து கைலஞ்சம் தொடங்குகிறதென்று எம்மூரிலேயே கண்டுபிடிக்கத் தெரியாத நாம், அங்கே கண்டுபிடித்துவிட்டதாக எண்ணிக்கொண்டோம்.

அந்நாட்டார் இதனை இயல்பென்று ஏற்றுக்கொண்டவர்கள் என நினைப்பதும் பிழை. 1966 சனவரியில் ஆட்சியைக் கவிழ்க்க முயன்ற இளம் இராணுவ அதிகாரிகள், கடுனா வானொலியிலே தம் பகைவரென்று சுட்டியவர்களுள் பத்து வீதம் கேட்போரும் அடங்குவர். 1975இல் ஆட்சிக்கு வந்த முர்தலா முகமது, ஊழல் முதலிய குற்றங்களைச் சாட்டி ஆயிரக்கணக்கான அரசாங்க உத்தியோகத்தரை வீட்டுக்கு அனுப்பினார். மறு ஆண்டில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1977இல் வெளியான இருபது நைராத் தாளில் அவரது முகம் பொறிக்கப்பட்டது. அந்தத் தாளைப் பற்றிப் பின்னர் சொல்வோம்.

கொடுப்பதில்லை என்னும் விரதத்தை நாம் இரண்டு வருடம் காத்தோம். எமது நாட்டின் 1954ஆம் ஆண்டு இலஞ்சச் சட்டம், வாங்குபவரைப் போலவே கொடுப்பவரையும் குற்றவாளியாகக் கண்டது. (2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம் இப்போது அதன் இடத்தில் இருக்கிறது.) அதை அறிந்தவர் என்ற செருக்கு எமக்கு உண்டு. பட்டணத்துக்குப் போவது பேஜோ 504 வாடகைக் காரில். சாரதியுடன் பத்துப் பேர். வழியில் நாலைந்து இடத்தில் பொலிஸார் மரக்கட்டையைக் குறுக்கே போட்டு நிற்பார்கள். சாரதி கையை வெளியே நீட்டுவார், கை வெறுமையாகத் திரும்பும், கட்டை விலகும். நாம் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வோம். ஒருநாள் அதைக் கவனித்துவிட்ட சாரதி வயிறு குலுங்கச் சிரித்தார். "மல்லம், உம்முடைய பங்கும் அதில் இருக்கிறது. காலையில் வாங்கிய கூலியில் அதையும் சேர்த்துத்தான் எடுத்தேன்," என்றார். 'மல்லம்' என்றால் ஆசிரியர். கணக்கு ஆசிரியருக்கு அன்று அவர் கணக்குக் கற்பித்தார்.

1983 ஜூலை இறுதியில் கொழும்பு எரிவதை பி.பி.சி. வானொலி சொல்லிற்று. வெள்ளவத்தையில் எம் தாயாரும் விதவைத் தமக்கையாரும் வாடகை வீட்டில் இருந்தார்கள். மூன்று வாரம் ஒரு செய்தியுமில்லை. பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்து தமக்கையாரின் கடிதம் வந்தது: வீடு போயிற்று, பாடசாலை முகாமிலே இருந்து, கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கினோம், உடுத்த சேலையோடு சித்தி வீட்டில் இருக்கிறோம், அம்மா ஒன்றும் பேசுகிறா இல்லை. காசு அனுப்பு என்று அதில் எழுதியிருக்கவில்லை.

எண்ணெய் வருமானம் சரிந்தபின் நைஜீரிய அரசு 1982இலேயே அந்நியச் செலாவணியை இறுக்கிப் பிடித்திருந்தது. சம்பளமும் மூன்று மாதம் நிலுவையில் நின்று, அந்த ஓகஸ்டிலேதான் கிடைத்தது. பணம் அனுப்புவதற்கு ஒரு படிவம். அப்படிவத்துக்கு மாநிலத் தலைநகரில் ஒரு கந்தோரின் முத்திரை. முத்திரை, நடுத்தர வயதுடைய ஓர் இலிகிதரின் மேசை லாச்சியில் இருந்தது. அவரைப் பற்றி ஆசிரியர் விடுதியில் பல கதை கேட்டிருந்தோம். அவரிடம் ஒருமுறையேனும் போனவர் யாரும் அக்கதைகளைச் சொன்னதாக நினைவில்லை.

முதல் நாள் இரவே உறையொன்றில் இரண்டு இருபது நைராத் தாள்களை வைத்து ஒட்டிவிட்டோம். காலையில் அவர் முன் அமர்ந்ததும் வணக்கம் சொன்னார். வீட்டார் சுகமா, வேலை எப்படி, வெயில் எப்படி என்று ஹவுசா முறைப்படி ஒவ்வொன்றாக விசாரித்தார். வீட்டார் சுகமா என்று கேட்ட இடத்தில் எமக்குத் தொண்டை அடைத்தது. மறுமொழி சொல்லாமல், படிவத்தையும் அதன்மேல் உறையையும் வைத்தோம்.

அவர் உறையைப் பார்த்தார். பிறகு எம்மைச் சற்று நேரம் பார்த்தார். மேலும் ஒன்றும் விசாரிக்கவில்லை. லாச்சியைத் திறந்து உறையை உள்ளே இட்டு, முத்திரையை வெளியே எடுத்தார். பத்து நிமிடத்தில் காரியம் முடிந்தது. காசு கார்த்திகைக்கு முன் தாயாரின் கைக்குச் சேர்ந்தது. அதற்காக நாம் இன்றும் வருந்தவில்லை.

இரண்டு கிழமை கழிந்தபின், எம்மோடு கற்பித்த கேரளத்து ஆசிரியர் ஒருவர் அதே கந்தோருக்குப் போய்வந்ததைச் சொன்னார். நாம் போவதற்கு நாலு நாள் முன்னர் போயிருக்கிறார். தேநீர் வாங்கித் தந்து முத்திரை குத்தி அனுப்பினாராம். கேட்டாரா? இல்லை. கொடுத்தீரா? எதற்கு? அவருக்கும் எம்மைப் போலவே மூன்று மாதச் சம்பளம் நிலுவையாம், ஐந்து பிள்ளைகளாம். இவ்வளவும் தேநீர் குடிக்கையில் பேசிக்கொண்டார்களாம்.

அடுத்த படிவத்தோடு ஒக்டோபரில் மறுபடி போனோம். இம்முறை உறை கொண்டுபோகவில்லை. கேரளத்து ஆசிரியரும் உடன் வந்திருந்தார். இலிகிதர் வணக்கம் சொன்னார். வீட்டாரை விசாரிக்கவில்லை. எமது முகத்தைப் பார்க்காமல் சட்டைப்பையைப் பார்த்தார். படிவத்தை ஒருபுறமாக நகர்த்தி, முத்திரை மை வற்றிவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்றார்.

வெளியே வேப்பமர நிழலில் நின்றபோது கேரளத்து ஆசிரியர் எம்மிடம், "போன முறை எவ்வளவு வைத்தீர்?" என்று தாழ்ந்த குரலிற் கேட்டார்.