ரெண்டே ரெண்டு இன்ச்!

செஞ்சின்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கோட்டை. அடுத்து? தேசிங்கு ராஜாவும் அவரோட குதிரையும். 1714-ல் ஆற்காட்டு நவாப் படையோடு மோதி உயிரைவிட்ட அந்த இளம் ராஜாவோட கதையைப் பாட்டாகவும் கூத்தாகவும் கேட்டு வளர்ந்த ஊர் எங்களுது. ஸோ, 'ஓட்டினா உயரமா உட்கார்ந்துதான் ஓட்டணும்'கிற வியாதி எங்க ஊர்த் தண்ணியிலேயே இருக்கு பாஸ். எனக்கும் வந்துச்சு. குதிரைக்கு எங்கே போறது? மாமாவோட ஜீப் இருந்துச்சு!

மஹிந்திரா எம்.எம்.540. இன்னிக்கு எஸ்.யூ.வி.ன்னு நாம ஜொள்ளு விடுற அத்தனை வண்டிக்கும் தாத்தா முறை. ரெண்டாம் உலகப் போருக்காகப் பிறந்த வில்லிஸ் ஜீப்போட வம்சம். தாத்தா வாங்கினது, மாமா ஓட்டுறது. கமிட்டிக்கு நெல் மூட்டை ஏத்திக்கிட்டுப் போகும். ஆயாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகும். கல்யாண சீசன்ல சீர்வரிசையும் சுமக்கும். இவ்வளவு உழைச்ச வண்டி, பாவம், பின்பக்கம் லேசா உட்கார்ந்துபோயிருந்துச்சு.

மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற மருமகன் வீட்ல இருக்கும்போது சும்மா விட முடியுமா? போன பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போகும்போதே பிளான் ரெடி. நான், என் ரூம்மேட், சித்தி பையன்... மூணு பேரோட சேமிப்பையும் வழிச்சுப் போட்டு ஒரு லிஃப்ட் கிட் வாங்கியாச்சு. 'ரெண்டு இன்ச் தூக்கறோம் மாமா, சும்மா கெத்தா நிக்கும்'னு சொன்னேன். மாமா, 'படிச்ச புள்ள... பார்த்துச் செய்டா மாப்ளே'ன்னு சாவியைக் குடுத்துட்டார். அந்த நம்பிக்கையை நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

பெட்டிக்குள் என்ன இருக்கும்?

லிஃப்ட் கிட்னா ஏதோ ராக்கெட் சமாசாரம்னு நினைக்காதீங்க. வண்டியோட உடம்புக்கும் அச்சுக்கும் நடுவுல இருக்கிறது சஸ்பென்ஷன். அந்த இடைவெளியைக் கூட்டினா வண்டி உயரும். அவ்வளவுதான். 2020-ல் வந்த புது தார் மாதிரி வண்டிகள்ல நாலு சக்கரத்துக்கும் காயில் ஸ்ப்ரிங். அதை மாத்தணும், இல்லேன்னா அதுக்கு மேல ஒரு ஸ்பேஸர் வைக்கணும். காயிலை அமுக்கிப் பிடிச்சுக் கழட்டறது ஆளைக் கொல்லக்கூடிய வேலை, அதை வீட்ல தொடவே தொடாதீங்க. எங்க ஜீப்புக்கு நாலு பக்கமும் லாரி மாதிரி பட்டை. பழைய பட்டையைக் கழட்டிட்டு, இன்னும் கொஞ்சம் வில் மாதிரி வளைஞ்ச பட்டை, நீளமான ஷேக்கிள், புது யு-போல்ட், புது புஷ், நீளமான ஷாக் அப்சார்பர் எல்லாம் போடணும். பேப்பர்ல பார்த்தா எட்டாங்கிளாஸ் பையன்கூடச் செய்யலாம்.

ஆனா, பேப்பர்ல துரு கிடையாதே!

மாட்டுக் கொட்டகை ஓரம், வேப்ப மர நிழல். எதிரே ராஜகிரி மலை நிமிர்ந்து நிக்குது. காலையில எட்டு மணிக்கு ஆரம்பிச்சோம். பல வருஷமா மண்ணும் தண்ணியும் குடிச்ச யு-போல்ட் நட்டு, 'போடா பொடிப்பசங்களா'ன்னு சிரிச்சுது. எண்ணெய் ஊத்தினோம், சுத்தியால அடிச்சோம், ஸ்பேனர் முனையில ஒரு இரும்பு பைப்பைச் சொருகித் தொங்கினோம். பதினொரு மணிக்கு முதல் நட்டு அசைஞ்சப்போ மூணு பேரும் விசிலடிச்சோம். அரியர் கிளியரானப்போகூட அப்படி அடிச்சதில்ல!

ஒரு பாட்டில் ஜாக்கி, அதுக்குக் கீழே ஒரு பலகை. சேஸிஸைத் தூக்கி நிறுத்தி, முன்பக்க இடது சக்கரத்தைக் கழட்டியாச்சு. அப்போதான் டி.வி.எஸ். எக்ஸெல்ல அந்தப் பக்கமா வந்தார் எங்க தெரு மெக்கானிக் அண்ணன். வண்டியை நிறுத்தினார். எட்டிப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசல. நாங்க கழட்டிப் போட்டிருந்த சக்கரத்தை உருட்டிக்கிட்டு வந்து, சேஸிஸுக்கு அடியில படுக்க வெச்சார்.

'எதுக்குண்ணே?'ன்னேன்.

'ஜாக்கி தூக்கத்தான் தம்பி. தாங்க இல்ல'ன்னார். கிளம்பிட்டார்.

உண்மையைச் சொல்லணும்னா, அவர் தலை மறைஞ்சதும் நாங்க சிரிச்சோம். 'ஓல்டு ஸ்கூல்' என்றான் ரூம்மேட். குனிஞ்சு எடுக்கிற சோம்பேறித்தனத்துல, சக்கரம் அங்கேயே கிடந்துச்சு.

தொம்!

மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம், ஷேக்கிள் பின் மட்டும் வெளியே வர அடம்பிடிச்சுது. ரூம்மேட் பக்கவாட்டுல படுத்து, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டு பின்னைப் பிடிச்சுக்கிட்டான். நான் அந்தப் பக்கமிருந்து சுத்தியால அடிச்சேன். ஒவ்வொரு அடிக்கும் வண்டி கொஞ்சமா ஆடுது. ஆடினா பலகை அசையும். கீழே இருக்கிறது சிமென்ட் தரை இல்ல, மாட்டு மூத்திரம் ஊறின மண்ணு. இதெல்லாம் இப்போ எழுதும்போது வரிசையா தோணுது. அப்போ எதுவுமே தோணல.

ஏழாவது அடியோ, எட்டாவது அடியோ... ஜாக்கி சாய்ஞ்சுது.

'தொம்'னு ஒரு சத்தம். அப்புறம் எதுவுமே கேட்கல. மாடுகூட மூச்சு விடல.

சேஸிஸ் அந்தச் சக்கரத்து மேல உட்கார்ந்திருந்துச்சு. படுக்க வெச்ச சக்கரத்தோட பருமன் எவ்வளவு இருக்கும்? ஒரு சாண்கூட வராது. அந்த இடைவெளியில என் நண்பனோட கை, அஞ்சு விரலோட, முழுசா இருந்துச்சு. மெதுவா உருவி எடுத்துப் பார்த்தான். மடக்கிப் பார்த்தான். அப்புறம்தான் அழுதான். நானும்.

சத்தம் கேட்டு ஓடிவந்த மாமா ஒரு பார்வையிலேயே எல்லாத்தையும் புரிஞ்சுக்கிட்டார். திட்டுவார்னு நின்னோம். திட்டல. திண்ணையில போய் உட்கார்ந்தார். ராத்திரி சாப்பிடும்போதுதான் வாயைத் திறந்தார். 'வண்டி போனா போவுது மாப்ளே. அந்தப் பையனோட அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?'

அதுக்கு என்கிட்ட இப்பவும் பதில் இல்ல.

உயர்ந்துச்சு... ஆனா?

மறுநாள் நானே போய் மெக்கானிக் அண்ணனைக் கூட்டிட்டு வந்தேன். இரும்பு ஸ்டாண்டு கொண்டுவந்தார். மத்த சக்கரங்களுக்கு முன்னாலயும் பின்னாலயும் கட்டை கொடுத்தார். யு-போல்ட்டை ஒரே பக்கமா முறுக்காம, எதிரெதிர் மூலையா மாத்தி மாத்தி முறுக்க வெச்சார். வண்டி தரையில இறங்கி, தன் பாரத்தைத் தானே தாங்கினப்புறம்தான் புஷ் போல்ட்டைக் கடைசியா டைட் பண்ணவிட்டார். 'அந்தரத்துல டைட் வெச்சா, இறங்கினதும் புஷ் முறுக்கிக்கிட்டுக் கிழிஞ்சிடும் தம்பி.' எந்த செமஸ்டர்லயும் இதை எனக்கு யாரும் சொல்லல. ரெண்டு நாள்ல வேலை முடிஞ்சுது. ஜீப் சும்மா சிங்கம் மாதிரி நின்னுச்சு. போட்டோ எடுத்தோம். ஸ்டேட்டஸ் போட்டோம்.

அப்புறம் திருவண்ணாமலை ரோட்ல ஒரு ரவுண்டு போனோம். ஐம்பதைத் தாண்டினதும் ஸ்டீயரிங் என் பேச்சைக் கேட்கல. ஒரு இடத்துல நிக்காம இப்படியும் அப்படியும் அலையுது! காரணம், காஸ்டர். சைக்கிள்ல கையை விட்டு ஓட்டினாலும் ஹேண்டில் தானா நேராகுது இல்ல? முன் ஃபோர்க் சாய்வா இருக்கிறதும் அதுக்கு ஒரு காரணம். ஜீப்பிலயும் அதே சாய்வு உண்டு. நாங்க நீள ஷேக்கிள் போட்டதுல முன் அச்சு லேசா சுழன்று, அந்தச் சாய்வு குறைஞ்சுபோச்சு.

அது மட்டுமா? சக்கரம் தொங்கினா பிரேக் ஹோஸ் தந்தி மாதிரி விறைக்குது. பிரப்பல்லர் ஷாஃப்ட்டோட கோணம் மாறி, வேகம் எடுத்தா தரை அதிருது. ஹெட்லைட் வெளிச்சம் மேலே ஏறிட்டதால எதிரே வர்ற பஸ்காரர் கெட்ட வார்த்தையில வாழ்த்துறார். நாங்க மாத்தினது ஒண்ணு. மாறினது பத்து.

இதுல பெரிய காமெடி என்ன தெரியுமா? வயல் வரப்புல எங்க ஜீப் எப்பவும் தட்டுற இடம், பின் அச்சு நடுவுல பூசணிக்காய் மாதிரி உப்பியிருக்கிற டிஃபரன்ஷியல். இந்த மாதிரி வண்டியில சஸ்பென்ஷனை எத்தனை இன்ச் தூக்கினாலும் அது ஒரு நூல்கூட உயராது. ஏன்னா, அது அச்சோட சேர்ந்தது. அது உயரணும்னா டயர்தான் பெருசாகணும். டயரோட விட்டம் ரெண்டு இன்ச் கூடினா, அச்சு ஒரு இன்ச் உயரும். லிஃப்ட் பண்றதுக்கு நியாயமான காரணங்கள் உண்டுதான். பெரிய டயருக்கு இடம் கிடைக்கும், சக்கரம் மேலும் கீழும் போய்வர வசதி கிடைக்கும், மேட்டுல ஏறும்போது பம்பர் இடிக்காது. ஆனா எங்க பிரச்னைக்கு இது மருந்தே இல்ல!

ஹாஸ்டலுக்குத் திரும்பினதும் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். வண்டி எவ்வளவு சுலபமா குப்புறக் கவிழும்னு பார்க்க, சக்கரங்களுக்கு நடுவுல உள்ள அகலத்தை, ஈர்ப்பு மையத்தோட உயரத்தைப் போல ரெண்டு மடங்கால வகுப்பாங்க. அமெரிக்காவுல வண்டிகளுக்கு ஸ்டார் ரேட்டிங் கொடுக்க இந்தக் கணக்கும் பயன்படுது. எண் சின்னதானா ஆபத்து பெருசு. ஒரு பேச்சுக்கு அகலம் 1,250 மி.மீ., மையம் 650 மி.மீ. உயரத்துலன்னு வெச்சுக்குவோம். விடை 0.96. இப்போ உடம்பை ரெண்டு இன்ச் தூக்கினா, அச்சும் சக்கரமும் உயராததால, மையம் சுமார் 40 மி.மீ. ஏறும்னு வெச்சா, விடை 0.91. 'ப்பூ, 0.05 தானே?'ம்பீங்க. மேலே நெல் மூட்டை, வளைவுல அறுபது கி.மீ. வேகம், எதிரே ஒரு லாரின்னு சேர்த்துப் பாருங்க. அந்த 0.05 என்ன விலைன்னு புரியும்.

சட்டமும் ஆயாவும்

இன்னொரு பாடம் மாமா சொல்லித்தான் தெரிஞ்சுது. பதினஞ்சு வருஷம் தாண்டின சொந்த வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்கணும், வண்டியை அதிகாரி முன்னாடி நிறுத்தணும். எங்க ஜீப்புக்கு அந்தத் தேதி நெருங்கிட்டிருந்துச்சு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன விவரங்களுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்குது. கேரள வழக்கு ஒண்ணுல 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்துச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாசம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ரெண்டுமே! ரீல்ஸ்ல இதையெல்லாம் யாராவது சொல்றாங்களா?

ஆனா, தீர்ப்பை எழுதினது கோர்ட் இல்ல. எங்க ஆயா.

பொங்கல் முடிஞ்ச வாரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாங்க. ஜீப் பக்கத்துல நின்னு காலைத் தூக்கினாங்க. எட்டல. இன்னொரு தடவை தூக்கினாங்க. முட்டி வலி. ரெண்டே ரெண்டு இன்ச்தான். ஆனா அவங்க முட்டிக்கு அது ராஜகிரி மலை. நான் ஓடிப்போய் ஒரு முக்காலி எடுத்துட்டு வந்தேன். ஆயா என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க...

'ஏன் ராசா, வண்டி வெச்சிருக்கிறது ஏறிப் போவத்தானே?'

அடுத்த சனிக்கிழமையே கிட்டைக் கழட்டிட்டோம். இந்தத் தடவை கீழே இரும்பு ஸ்டாண்டு, கூடவே சக்கரமும். பழைய பட்டையையே வேலூர்ல சித்தப்பாவுக்குத் தெரிஞ்ச பட்டறையில குடுத்துச் சரியான வளைவுக்குக் கொண்டுவந்து, புது புஷ் போட்டு மாட்டினோம். உட்கார்ந்துபோன பின்பக்கம் நிமிர்ந்துச்சு. வண்டிக்கு முதல்லயே தேவைப்பட்டது அவ்வளவுதான்!

அன்னிக்கு சாயங்காலம் மூணு பேரும் ராஜகிரி ஏறினோம். சுமார் 800 அடி. அவுரங்கசீப்போட தளபதி சுல்ஃபிகர் கான், 1690-ல் இருந்து 1698 வரை எட்டு வருஷம் கீழே காத்துக் கிடந்தான் இந்தக் கோட்டைக்காக. 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்லயும் இது ஏறிடுச்சு. மேலேயிருந்து பார்த்தா, கட்டினவங்க எடுத்ததும் உயரத்துக்குப் போகலைன்னு தெரியும். கீழே அகலமான பாறை, அதைச் சுத்தி மதில், மூணு மலையையும் ஒண்ணா வளைச்ச இன்னொரு மதில். அதுக்கு அப்புறம்தான் உச்சி.

ரூம்மேட் பாறையில உட்கார்ந்து, அந்தக் கையாலயே கடலை உரிச்சுத் தின்னுக்கிட்டிருந்தான். நான் அந்த விரல்களையே பார்த்துக்கிட்டிருந்தேன்.

நீங்களும் வண்டியைத் தூக்கப்போறீங்களா? சட்டத்தைப் பாருங்க. தெரிஞ்சவரைக் கூட வெச்சுக்குங்க. எதுவும் முடியலைன்னா, இதை மட்டுமாவது மறக்காதீங்க... ஜாக்கி தூக்கத்தான். தாங்க இல்ல!