அடுத்த உறையின் முகவரி

கணிப்பொறி நிரல் எழுதுவதை வயிற்றுப்பாட்டுக்காகக் கற்போர் பலர். தேர்வுக்காகக் கற்போர் அவர்களினும் பலர். இவ்விரு காரணங்களும் இன்றி, ஆசை ஒன்றினாலேயே கற்பவர்களும் இருக்கிறார்கள் என்று சொன்னால், "அதனால் என்ன வருமானம்?" என்று கேட்கிறார்கள். மாலை வேளையில் ஆர்மோனியம் பழகுகிறவரையோ, கொல்லையில் ரோஜாப் பதியன் போடுகிறவரையோ யாரும் இப்படிக் கேட்பதில்லை. கணிப்பொறி என்றாலே சம்பளம் என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது.

அத்தகைய ஆசைக்காரர்கள் சிலர் வாரத்தில் ஓர் இரவு இணைய வழியாக ஒன்றுகூடி, பைத்தான் என்னும் நிரல்மொழியைப் பயில்கிறோம். வளைகுடா நாடொன்றில் செவிலியராகப் பணிபுரியும் சகோதரி ஒருவர். நூற்பாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர் ஒருவர். ரயில்வே அஞ்சல் பிரிவில், அதாவது ஆர்.எம்.எஸ்.ஸில், 34 ஆண்டுகள் கடிதம் பிரித்து ஓய்வுபெற்ற நெல்லைச் சீமைப் பெரியவர் ஒருவர், அடியேன். ஐந்தாமவரான இளைஞர் மட்டும் பொறியியல் படித்து இதையே தொழிலாகக் கொண்டவர். எங்களுக்கு உதவவென்றே வருகிறார். மற்றவர்களைவிடச் சற்று முன்னதாகத் தொடங்கியவன் என்பதால் அந்தப் பொறுப்பில் எனக்கும் பங்குண்டு.

தரவுக் கட்டமைப்பு என்ற சொல்லைக் கேட்டு வாசகர் மிரள வேண்டியதில்லை. செய்திகளை எவ்வாறு அடுக்கிவைத்தால் வேண்டியபோது விரைவில் எடுக்கலாம் என்னும் கலையே அது. நம் பங்கு அலுவலகங்களில் உள்ள திருமுழுக்குப் பதிவேட்டை எண்ணிப் பாருங்கள். அது நாள்வரிசைப்படி எழுதப்படுவது. 1,000 பதிவுகள் கொண்ட ஏட்டில் ஒருவர் தம் திருமுழுக்கு நாளைச் சொல்லிவிட்டால், நடுவில் திறந்து, அந்நாள் முந்தியதா பிந்தியதா என்று பார்த்து, பாதியை ஒதுக்கி, மீதியின் நடுவில் மறுபடி திறந்து, இப்படியே பத்து முறைக்குள் அவரைக் கண்டுவிடலாம். பெயர் மட்டுமே தெரியும் என்றால், பின்பக்கத்தில் அகரவரிசைப் பட்டியல் இல்லாத ஏட்டில், 1,000 பதிவுகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்க நேரலாம். அடுத்த மாதம் திருமணத்தை வைத்துக்கொண்டு சான்றிதழுக்காக வாசலில் நிற்பவருக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். இன்னொன்றும் உண்டு. திருச்சபைச் சட்டப்படி, ஒருவருடைய திருமணம் எந்தப் பங்கில் நடந்தாலும் அச்செய்தி அவர் திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு அனுப்பப்பட்டு, அவருடைய பதிவோடு குறிக்கப்பட வேண்டும். ஏட்டின் ஓரத்தில் எழுதப்படும் அச்சிறு குறிப்பு, வேறோர் ஊரிலுள்ள வேறோர் ஏட்டைச் சுட்டி நிற்கிறது. நிரல் எழுதுவோர் இத்தகைய குறிப்பைச் 'சுட்டி' என்றே அழைக்கின்றனர்.

இந்தச் சுட்டியிலேதான் எங்கள் பெரியவர் தடுக்கி விழுந்தார். அவரை நாங்கள் அண்ணாச்சி என்றே அழைக்கிறோம். அவர் கற்க வந்த காரணம் வேறு யாருக்கும் இல்லாதது. "நான் கையால பிரிச்ச தபாலை இப்ப மிஷின் பிரிக்குது, சாமி. அது எப்படி யோசிக்குதுன்னு சாகறதுக்குள்ள தெரிஞ்சுக்கணும்" என்றார். அவர் குரலில் கசப்பு இல்லை. தம் நாற்காலியில் வந்து அமர்ந்தவனைப் பற்றி விசாரிக்கும் குரல் அது.

அவர் அப்போது கற்றுக்கொண்டிருந்தது தொடர்ப்பட்டியல். அதில் செய்திகள் அடுத்தடுத்த இடங்களில் இருப்பதில்லை. எங்கெங்கோ சிதறிக் கிடக்கும். ஒவ்வொன்றும் தனக்கு அடுத்தது இருக்கும் இடத்தைக் குறித்து வைத்திருக்கும். முதலாவது எங்கே இருக்கிறது என்பதை மட்டும் நாம் அறிந்திருப்போம். இந்தத் தொடரின் தலைப்பில் புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். அண்ணாச்சி எழுதிய நிரலில், புதியதைச் சேர்த்தவுடன் பழையவை அனைத்தும் காணாமற்போயின. ஏன் என்று கேட்டு எழுதினார். சில நிமிடங்களில் இளைஞரிடமிருந்து முழு நிரலும் வந்துவிட்டது. பிழையற்ற நிரல், ஓட்டிப் பார்த்தால் ஓடியது. அண்ணாச்சி நன்றி தெரிவித்தார். பிறகு இரண்டு வாரம் அவர் வரவில்லை.

தொலைபேசியில் அழைத்தேன். "ஓடத்தான் செய்யுது, சாமி. ஆனா அது தம்பியோட புரோகிராம். எனக்கு மண்டையில ஏறல. வயசாயிட்டு, விட்டுருதேன்" என்றார்.

நான் திடுக்கிட்டேன். இளைஞர் செய்ததில் தீய எண்ணம் எள்ளளவும் இல்லை. நல்ல உள்ளத்தோடு தரப்பட்ட சரியான விடை ஒன்று, ஒரு மனிதர் தம் அறிவின்மேல் கொண்டிருந்த நம்பிக்கையைக் குலைத்திருந்தது. தவறான விடை தந்திருந்தால்கூட அவர் அதனோடு மல்லுக்கட்டி நின்றிருப்பார்.

நிரலைப் பற்றி நான் எதுவும் பேசவில்லை. அவருடைய பழைய வேலையைப் பற்றிக் கேட்டேன். 1972-இல் அறிமுகமான ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு எண்ணைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். முதல் இலக்கம் 6 என்றால் தென்மண்டலம். 627 திருநெல்வேலி, 628 தூத்துக்குடி, 629 கன்னியாகுமரி. கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைச் சொல்லும். அறை அறையாகப் பகுத்த மரச்சட்டத்தின் முன் நின்று, எண்ணை முழுதாக வாசிக்காமலே கை தானாகக் கடிதத்தை எறியுமாம். இலக்கம் இலக்கமாகப் பிரித்து அடுக்கும் அம்முறையைத்தான் கணிப்பொறி நூல்கள் தனி அத்தியாயமாக எழுதி வைத்திருக்கின்றன. அதை அவரிடம் சொன்னபோது சற்று நேரம் மௌனமாக இருந்தார்.

பின்னர் ஒரு கேள்வி கேட்டேன். "அண்ணாச்சி, நாலு உறை நாலு வீட்டுல கிடக்கு. ஒவ்வொரு உறைக்குள்ளயும் அடுத்த உறை இருக்கிற வீட்டு முகவரி மட்டும் இருக்கு. முதல் வீட்டு முகவரி உங்க சட்டைப்பையில ஒரு சீட்டுல இருக்கு. இப்ப அஞ்சாவதா ஒரு உறையை முன்னால சேர்க்கணும். என்ன செய்வீங்க?" அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

நான்கு நாள் கழித்து, இரவு ஜெபமாலை முடிந்த நேரத்தில் அவரே அழைத்தார். பழைய உறைகளை வீட்டில் மூலைக்கு ஒன்றாக வைத்துப் பார்த்திருக்கிறார். "சாமி, பையில இருக்கிற சீட்டை முதல்லயே கிழிச்சுப் போட்டுட்டேன். அதுதான் தப்பு. அந்த முகவரியைப் புது உறைக்குள்ள எழுதிட்டுத்தான் சீட்டை மாத்தணும். இல்லேன்னா உறை நாலும் அங்கங்கே பத்திரமாத்தான் இருக்கும். போய்ச் சேர வழி இருக்காது. எல்லாம் ஆர்.எல்.ஓ.தான்!" என்று சிரித்தார். உரியவரிடம் சேர்க்க முடியாத கடிதங்கள் சென்றடையும் அலுவலகம் அது. முற்காலத்தில் இறந்த கடித அலுவலகம் என்றே அதற்குப் பெயர். பைத்தான் மொழியும், எந்தச் சுட்டியாலும் எட்ட முடியாமற்போனவற்றைத் தானே அள்ளிச் சென்று நினைவகத்தைக் காலிசெய்கிறது. இதை நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

அன்றிரவு குருமடத்தில் படித்த பழைய பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது. ஆசிரியரின் பணியைத் தூய தோமா அக்குவினாஸ் மருத்துவரின் பணிக்கு ஒப்பிடுகிறார். நோயைக் குணப்படுத்துவது உடலின் இயல்பே. மருத்துவர் அதற்குத் துணை நிற்கிறார். அதுபோலவே அறிவும் மாணவரின் உள்ளத்தில் தோன்றுகிறது. அவருக்கும் முன்னே தூய அகுஸ்தினார், தம் மகன் அதேயோதாத்துவுடன் உரையாடுவதுபோல் ஆசிரியரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் மகன் கூறும் கருத்துகள் எல்லாம் உண்மையிலேயே மகனுடையவை என்று பிற்பாடு தம் ஒப்புதல்கள் நூலில் அவர் சான்று பகர்கிறார். இளவயதிலேயே இறந்துவிட்ட மகனைப் பற்றித் தந்தை தரும் சான்று அது. விடை யாருடையது என்பது அவருக்கு அவ்வளவு முக்கியமாகப் பட்டிருக்கிறது. (ஒரு குருவுக்குக் கணிப்பொறியோடு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி: அந்தத் தோமாவின் எழுத்துகள் அனைத்துக்கும் கணிப்பொறி கொண்டு சொல்லடைவு உருவாக்கியவர் ரொபெர்த்தோ பூசா என்னும் இயேசு சபைக் குரு. 1949-இல் ஐ.பி.எம். நிறுவனத் தலைவரைச் சந்தித்து உதவி பெற்றார். 56 தொகுதிகள் கொண்ட அப்பணி 1980-இல் நிறைவுற்றது.)

எப்போதும் விடையை மறைத்துவைக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. கேள்விக்குக் கேள்வியையே பதிலாகத் தருவதிலும் ஒருவகை ஆணவம் உண்டு. எங்கள் செவிலியர் சகோதரி, தம் பிரிவில் இருப்பவர்களின் இரவுப்பணிப் பட்டியலை மறுநாள் காலைக்குள் தயாரிக்க வேண்டும் என்று ஒருமுறை பதறியபோது, இளைஞரும் நானும் உட்கார்ந்து முழு நிரலையும் எழுதிக் கொடுத்தோம். பசித்தவர் கையில் தூண்டிலைக் கொடுத்துப் பாடம் நடத்துவது அன்பாகாது. ஆனால் ஆசையினால் கற்பவர் விடைக்காக வரவில்லை. விடையைத் தாமே கண்டடையும் அந்த ஒரு கணத்திற்காக வருகிறார். இன்று, கேட்ட மாத்திரத்தில் எத்தகைய நிரலையும் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் எல்லோர் கைப்பேசியிலும் இருக்கின்றன. அண்ணாச்சியின் கைப்பேசியிலும் ஒன்று உண்டு. அவருக்கு விடை கிடைக்காமல் இருந்ததே இல்லை.

எருசலேமிலிருந்து எம்மாவுக்குச் சென்ற இருவரிடம், என்ன பேசிக்கொண்டு வருகிறீர்கள் என்று உயிர்த்த ஆண்டவர் கேட்டார். அவருக்குத் தெரியாததா? அவர்கள் தங்கள் வாயால் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டே உடன் நடந்தார். அந்த நிகழ்ச்சியைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் ஆற்றியிருக்கிறேன். அப்பம் பிட்கும் இடத்திற்கு விரைந்து சென்றுவிடுவதே வழக்கம். இப்போது அந்த நடையிலே சற்று நேரம் தங்குகிறேன்.

அண்ணாச்சி இப்போது இருகிளை மரம் வரை வந்துவிட்டார். ஒவ்வொரு கணுவிலும் ஓர் எண். சிறியவை இடக்கிளையில், பெரியவை வலக்கிளையில். இருபுறமும் பிள்ளைகள் உள்ள கணு ஒன்றை நடுவிலிருந்து நீக்க வேண்டும். "தாயை எடுத்துட்டா பிள்ளைங்க ரெண்டும் யார்கிட்ட போகும், சாமி?" என்று சென்ற மாதம் கேட்டார். இளைஞர் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு திரையில் என்னைப் பார்த்துச் சிரித்தார். மூன்று வாரமாக அண்ணாச்சி பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் மரம் வரைந்துகொண்டிருக்கிறார். நேற்று அனுப்பிய படத்தில், வலக்கிளையின் ஆகச் சிறிய எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இட்டிருந்தார்.