கள்ளக்குறிச்சியில் நாலு மரங்கள்

கள்ளக்குறிச்சி என்றால் பலருக்கு சேலம் போகிற வழியில் பஸ் நின்று காபி குடிக்கிற ஊர், அவ்வளவுதான்! விழுப்புரம் மாவட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த ஊர், 2019-ல் தனி மாவட்டத் தலைநகராகிவிட்டது. உளுந்தூர்பேட்டை தாண்டி, தியாகதுருகம் கோட்டைப் பாறையைப் பார்த்துக்கொண்டே போனால் வந்துவிடும். மேற்கே நீல நிறத்தில் நீளமாகப் படுத்திருப்பதுதான் கல்வராயன் மலை.

என் அக்கா அங்கேதான் இருக்கிறாள். பெண்ணுக்குப் பிரசவமாகி மூன்று மாதம். குழந்தையைப் பார்க்கத்தான் போனேன். ஆனால் போன அன்றே வீட்டில் பேச்செல்லாம் மரத்தைப் பற்றி! "சித்தி, நீங்களே சொல்லுங்க. இந்த மாமரத்துக்கு அடியிலதான் எங்க ரூம். காத்தடிச்சா பிள்ளையைத் தூக்கிட்டு ஹாலுக்கு ஓடி வரேன்" என்கிறாள் அக்கா பெண். அத்தானோ, "எங்கம்மா வெச்ச மரம். யாரும் கை வைக்கக்கூடாது" என்று ஒரே பிடிவாதம். போதாக்குறைக்கு வாசல் வேம்பும் நுனியெல்லாம் கருகி நின்றது. "அதுவும் செத்துப் போச்சு, ரெண்டையும் சேர்த்து வெட்டிடலாம்" என்று பக்கத்து வீட்டுக்காரர் ஆள்கூடப் பேசி வைத்துவிட்டார்.

வேம்பை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் பல ஊர்களில் பார்க்கிறேன். மழைக்காலம் முடிந்து பனி தொடங்கும்போது வேப்பமரக் கொழுந்துகள் தீய்ந்தாற்போல் கருகி விடுகின்றன. ஒரு பூஞ்சணமும், கொழுந்தில் சாறு உறிஞ்சும் ஒரு பூச்சியும் செய்கிற வேலை இது. வெயில் ஏறியதும் பெரும்பாலான மரங்கள் மறுபடி துளிர்த்துவிடும். சந்தேகமிருந்தால் சின்னக் கிளையில் பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமுமாக இருந்தால் உயிர் இருக்கிறது. அக்கா வீட்டில் கீறினோம், பச்சை! காய்ந்த சிம்புகளை மட்டும் கழித்தால் போதும் என்று வெட்ட வந்த ஆளைத் திருப்பி அனுப்பினோம்.

கொல்லை முருங்கைக்கு யோசனையே வேண்டாம். அது முறிகிற சாதி. மூன்றடி உயரத்தில் கவாத்து செய்தால் கைக்கெட்டும் உயரத்தில் காயும் கீரையும் கிடைக்கும், மழைக்காலக் கம்பளிப்பூச்சித் தொல்லையும் குறையும். "முருங்கையை ஒடிச்சு வளர்" என்ற பாதிப் பழமொழி சரிதான். பிள்ளையை அடித்து வளர்க்கச் சொல்லும் மறுபாதியை நான் ஒப்புக்கொள்வதில்லை.

மறுநாள் எல்லாருமாக மலைக்குப் போனோம். கச்சிராயபாளையம் வழியாகப் போனால் அடிவாரத்தில் கோமுகி அணை. அதற்கப்புறம் வளைந்து வளைந்து ஏறி வெள்ளிமலை. அடடா, அந்தக் காற்று! கீழே வேர்த்த முதுகு மேலே போர்வை கேட்கிறது. இங்கே வாழ்கிற மலையாளி மக்களின் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். 1976 வரை இந்த மலை மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்ததாம். சரிவில் மரவள்ளி. காட்டில் கடுக்காய் மரங்கள். குழந்தைக்கு உரைமருந்தில் உரசுகிறோமே, அதே கடுக்காய்தான். திரிபலாவுக்கும் தோல் பதனிடவும் மூட்டை மூட்டையாகக் கீழே இறங்குகிறது.

ஓரிடத்தில், சின்ன வீட்டின் கூரைமேலேயே சாய்ந்தாற்போல் ஒரு பெரிய பலா. எனக்கு அடிவயிறு கலங்கியது. திண்ணையில் இருந்த பாட்டியிடம், "பயமா இல்லியாம்மா?" என்று கேட்டேன். சிரித்தார். "அது சின்னப் புள்ளையிலேர்ந்து அப்படித்தான் வளந்துது. சாயுற பக்கம் பாக்காதம்மா, எதிர்ப்பக்கம் மண்ணைப் பாரு. மழை பேஞ்சப்புறம் அங்க மண்ணு வெடிச்சு மேல தூக்கியிருந்தா, அன்னிக்கே வெட்டிடணும்" என்றார். அண்ணாந்து பார்த்தால் அவர் சொன்னது புரிந்தது. சாய்ந்த மரம் மேலே போகப் போக வளைந்து நிமிர்ந்திருந்தது. பல வருஷமாக வேரையும் கட்டையையும் அந்தச் சாய்வுக்குத் தக்கபடி பலப்படுத்திக்கொண்ட மரம் அது. நேராக நின்ற மரம் திடீரென்று சாய்ந்தால்தான் ஆபத்து. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்து எங்கள் பக்கமெல்லாம் வெள்ளக்காடாகக் கிடந்ததே, அதுபோல் மண் ஊறிப் போனால் வேருக்குப் பிடிப்பேது? அதிலும் ஸெப்டிக் டாங்க், காம்பவுண்டு என்று தோண்டி ஒரு பக்க வேரை வெட்டிவிட்ட மரம் என்றால் கேட்கவே வேண்டாம்.

(மலையில் சொந்த நிலம் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் மரம் வெட்ட 1955-ம் வருஷச் சட்டப்படி அனுமதி வேண்டும். சமவெளியிலும் சந்தனம் நம் பட்டா நிலத்தில் வளர்ந்தாலும் வனத்துறை வழியாகத்தான் வெட்ட முடியும். கேட்டுக்கு வெளியே சாலையோர மரம் நம்முடையதே அல்ல.)

இறங்கி வந்த மறுநாள், அக்கா தெருவுக்கு அடுத்த தெருவில் மரச்சிற்பப் பட்டறைக்குப் போனோம். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது தெரியுமோ? தேக்கு, வாகை, பூவரசு என்று உளி பட்ட வாசனை மூக்கைத் துளைக்கிறது. பிள்ளையார், யானை, கதவு என்று மூலைக்கொன்றாக நிற்கின்றன. வயதான ஆசாரி ஒருவரைக் கெஞ்சி வீட்டுக்கு அழைத்து வந்தோம். மரத்தின் உள்ளே அறிந்தவர் அவரைவிட யார்?

மாமரத்தைச் சுற்றி வந்து சுத்தியலின் பிடியால் தட்டினார். மேலே 'டக் டக்' என்றது இடுப்பு உயரத்தில் 'டொம்' என்றது. அடியில் ரம்பத்தூள் மாதிரி கொட்டிக்கிடந்தது, தண்டுத் துளைப்பான் வண்டின் புழு தின்று தள்ளியது. வேர் பக்கம் காளான் வேறு. ஆனால் தலை முழுக்கப் பச்சைப் பசேலென்று இலை! "அதெப்படி?" என்றார் அத்தான். மரத்துக்கு உயிர் ஓடுவது பட்டைக்கு அடுத்த வெளிச்சுற்றில்தானாம். நடுக்கட்டை செத்த கட்டை, அது உளுத்தாலும் இலைக்குத் தெரியாது.

பொந்து இருந்தாலே வெட்டவேண்டும் என்பதில்லை. சுற்றிலும் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது கெட்டிக் கட்டை இருந்தால் மரம் தாங்கும் என்பது மர நிபுணர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஆனால் இங்கே பெரிய கிளை இரண்டாகப் பிரிகிற கவட்டையில் விரல் நுழைகிற வெடிப்பு, அதிலிருந்து கறுப்பு நீர் வடிகிறது. அந்தக் கிளை நேரே குழந்தை தூங்கும் அறைக்கு மேலே.

அத்தான் வெகுநேரம் பேசவில்லை. "கிளையை மட்டும் எடுத்தால்?" என்று கேட்டுப் பார்த்தார். "அடியும் உளுத்திருக்குதே, சாமி. ஒரு பக்கத்தை எடுத்துட்டா மறுபக்கம் பாரம் இழுக்கும்" என்றார் ஆசாரி. அக்கா பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றாள், வாயே திறக்கவில்லை. கடைசியில் அத்தான்தான், "ஐப்பசி மழைக்கு முன்னால எடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். எனக்கும் தொண்டை அடைத்தது. அந்தக் காயில் எத்தனை வருஷம் ஆவக்காய் போட்டிருக்கிறோம்!

எடுக்கும்போது அக்கா செய்ததில் இரண்டு விஷயம் எனக்குப் பிடித்தது. பக்கத்தில் கரண்ட் கம்பி போவதால் மின்வாரிய ஆபீஸில் எழுதிக் கொடுத்து, லைனை நிறுத்திய பிறகுதான் ஆளை ஏறவிட்டாள். மற்றது, கூடு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது. ஒரு காக்கைக் கூடு காலியாக இருந்தது. கட்டையைக் கூலிக்குப் பதிலாகக் கேட்டவர்களிடம் கொடுக்காமல், கயிறு கட்டித் துண்டு துண்டாக இறக்கக் கூலி பேசிக்கொண்டதும் நல்லது. மரத்துக்கு ஆசைப்படுகிறவன் நீளக் கட்டைக்காக ஒரேயடியாகச் சாய்க்கத்தான் பார்ப்பான்.

வெட்டிய அடிமரத்தைப் பார்த்தால், உள்ளே ஒரு குடம் வைக்கலாம் போல் ஓட்டை. அத்தான் குனிந்து கைவிட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மேலே கெட்டியாக இருந்த துண்டை ஆசாரி எடுத்துப் போயிருக்கிறார். நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு மணை செய்து தருவாராம். அம்மா கை வைத்த மரத்தில் பேரன் பிள்ளைக்கு மணை வேண்டுமென்று கேட்டது அத்தானேதான்.

இன்னொன்று பாக்கி. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ஒரு ஜாண் அரசங்கன்று. அரசு சாமி மரம் என்று அக்காவுக்குப் பிடுங்க மனமில்லை. வேர் சுவருக்குள் இறங்கினால் தொட்டியே பிளக்கும். வேரோடு பெயர்த்துப் பிள்ளையார் கோவில் குளக்கரையில் நட்டுவிட்டோம், பிழைத்துக்கொண்டது.

மாமரம் இருந்த பள்ளத்தில் வேர் மட்கட்டும் என்று மண்ணும் எருவும் போட்டு ஆற விட்டிருக்கிறார்கள். அறையைவிட்டுப் பதினைந்தடி தள்ளிப் புதுக் கன்று வைக்க இடம் பார்த்தாயிற்று. சீதாவா, கொய்யாவா என்று இப்போது அக்காவுக்கும் பெண்ணுக்கும் போனில் தினம் தகராறு!